யந்திரங்களைச் சுத்தம் செய்கையில் கைகளுக்கு நேரும் அபாயமும் அதைத் தடுக்கும் முறைகளும்

திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் விவசாயம் பெரும்பாலும் கிணற்றையும் ஏரியையும் நம்பி நடப்பது. நெல்லும் கரும்பும் மணிலாக்கொட்டையும் இங்கு முக்கியமான பயிர்கள். திண்டிவனத்திலுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மணிலா வகைகள் அவ்வூரின் பெயரைத் தாங்கி நாடெங்கும் பரவியிருக்கின்றன. 1947-ம் வருஷம் முதல் 1949-ம் வருஷம் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக விளங்கிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஓமந்தூர் கிராமம் இப்பகுதியைச் சேர்ந்ததே. அக்காலத்தில் இவ்வூர்களில் கவலையும் ஏற்றமும் இறைத்தன; காளைகள் தாளடித்தன; பெண்கள் உட்கார்ந்து கையால் மணிலா உடைத்தார்கள். இன்று அவ்வேலைகளில் பெரும்பகுதியை மோட்டாரும் டிராக்டரும் எண்ணெய் எஞ்சினும் செய்கின்றன. இதனால் உழைப்பு குறைந்தது, காலமும் மிச்சமாயிற்று. ஆனால் முன்பு இல்லாத ஓர் அபாயமும் களத்து மேட்டிற்கு வந்து சேர்ந்துவிட்டது. யந்திரத்தில் கை அகப்பட்டு விரலையோ முழுக் கையையோ இழப்பதே அது.

விபத்து நேரும் சமயம்

யந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கும் அதனுள் கையை விட வேண்டிய அவசியம் இராது. கை உள்ளே போவது மூன்று சமயங்களில்தான். முதலாவது, சக்கையோ வைக்கோலோ தொலியோ அடைத்துக்கொண்டு யந்திரம் திணறும் சமயம். இரண்டாவது, வேலை முடிந்து துடைத்துச் சுத்தம் செய்யும் சமயம். மூன்றாவது, எண்ணெய் இடுதல், கிரீஸ் வைத்தல், தளர்ந்த பெல்ட்டை இழுத்துக் கட்டுதல் போன்ற பராமரிப்புச் சமயம். இம்மூன்றிலும் வேலை செய்பவரின் கவனம் அடைப்பின் மீதோ அழுக்கின் மீதோ இருக்குமே தவிர, சுழலும் பாகத்தின் மீது இராது. மேலும், இவை வேலைக்கு இடையூறான காரியங்கள் என்று கருதப்படுவதால், எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும் பழமொழி இவ்விடத்தில் மிகவும் பொருந்தும்.

கை ஏன் தப்புவதில்லை

‘சட்டென்று கையை இழுத்துக்கொள்ளலாம்’ என்று நம்புவோர் பலர். கணக்கிட்டுப் பார்த்தால் இந்நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது விளங்கும். கிணற்று மோட்டார்களில் சாதாரணமான ஒரு வகை நிமிஷத்திற்குச் சுமார் 1,440 சுற்றுகள் சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 24 சுற்றுகள். அதன் தண்டில் 6 அங்குலக் குறுக்களவுள்ள கப்பி மாட்டியிருந்தால், அதன்மேல் ஓடும் பெல்ட் வினாடிக்குச் சுமார் 37 அடி செல்லும். ஒருவர் அபாயத்தைக் கண்டு கையை அசைக்கத் தொடங்குவதற்கே ஏறக்குறையக் கால் வினாடி ஆகும். அதற்குள் பெல்ட் 9 அடி ஓடிவிடும். பெல்ட்டும் கப்பியும் சேரும் இடத்தில் ஒரு விரல் தொட்டால், வலி உணரப்படுமுன் கை உள்ளே போயிருக்கும்.

டிராக்டரின் பின்புறம் வேறு கருவிகளை ஓட்டுவதற்கென உள்ள சுழல்தண்டு, பொதுவாக நிமிஷத்திற்கு 540 சுற்றுகள் என்ற கணக்கில் சுழலும். அத்தண்டு 3 அங்குலக் குறுக்களவு உள்ளதானால், வேஷ்டியின் நுனியோ புடவைத் தலைப்போ அதில் பட்ட ஒரு வினாடிக்குள் சுமார் 7 அடித் துணி சுற்றிக்கொள்ளும். துணியைத் தொடர்ந்து கையும் உடலும் இழுக்கப்படும்.

வேகம் குறைந்த யந்திரங்களும் அபாயமற்றவை அல்ல. கரும்பாலையின் உருளைகள் மெதுவாகவே சுழல்கின்றன. மெதுவாகச் சுழல்வதே ஆட்களை ஏமாற்றுகிறது. கரும்பை நசுக்கிச் சாறு பிழியும் உருளைகளுக்கு விரல் எலும்பு ஒரு பொருட்டல்ல. 1870-களில் பீகாரிலிருந்து பரவிய இரும்பு உருளை ஆலைகளை மாடு கட்டி ஓட்டிய காலத்திலேயே இவ்வபாயம் இருந்தது. சக்கையை எடுக்கக் கையை நீட்டிய சமயம் மாடு ஓர் அடி முன்வைத்தால் போதும், விரல் நசுங்கிவிடும். இதிலிருந்து தெரியவருவது, மின்சாரமில்லாத யந்திரத்தையும் கட்டி நிறுத்தாமல் தொடக்கூடாது என்பதே.

யந்திரங்கள் வாரியாகக் கவனிக்க வேண்டியவை

1. கிணற்று மோட்டாரும் பம்பும். தமிழ்நாட்டில் 1990-ம் வருஷம் முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. மும்முனை மின்சாரம் நின்று திரும்பி வரும் வேளைகளில் தானாகவே மோட்டார் ஓடும்படி, பல கிணறுகளில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் நின்றிருக்கும் வேளையில், ‘மோட்டார்தான் ஓடவில்லையே’ என்று பெல்ட்டை மாட்டவோ இணைப்பைத் துடைக்கவோ இறங்குபவருக்கு இது யமனாக முடியும். மின்சாரம் எந்த நிமிஷம் திரும்பும் என்று எவரும் அறியார். ஓடாமல் நிற்கும் மோட்டார் வேறு, ஓடமுடியாதபடி துண்டிக்கப்பட்ட மோட்டார் வேறு என்பதை ஒவ்வொரு குடியானவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

2. மணிலா உடைக்கும் யந்திரம். தொலி ஈரமாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். உடனே வாயின் வழியாகக் கையை விட்டுக் கிளறுவது வழக்கமாகிவிட்டது. உள்ளே அடிக்கும் கட்டைகள் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கையால் ஆட்டும் சிறு யந்திரத்திலும் ஒருவர் கிளறும்போது மற்றொருவர் பிடியை ஆட்டிவிடுவதால் விரல் நசுங்குகிறது. காய்களை நன்கு காயவைத்துப் போடுவதே அடைப்பைக் குறைக்கும் முதல் வழி. அடைத்தால் யந்திரத்தை நிறுத்தி, மரக்குச்சியால் தள்ள வேண்டும்.

3. கரும்பாலை. கரும்பை ஊட்டுபவர் முழங்கைக்கு மேல் துணி தொங்காதபடி உடுத்தியிருக்க வேண்டும். கரும்பு வழுக்கினால் உள்ளங்கையால் தள்ளாமல் அடுத்த கரும்பால் தள்ள வேண்டும். இரவில் ஆலை ஓடும்போது தூக்கக் கலக்கத்தில் நேரும் விபத்துகள் கொடியவை. ஆகவே ஊட்டும் ஆளை இரவில் அடிக்கடி மாற்றுவது அவசியம். உருளைகளைக் கழுவும்போது ஆலையை ‘மெதுவாக ஓடவிட்டுக்’ கழுவுவது மிகத் தவறான பழக்கம். நிறுத்திய உருளையை ஒரு பக்கம் கழுவி, எல்லோரும் விலகிய பின் சிறிது திருப்பி, மறுபடி நிறுத்தி மறுபக்கம் கழுவ வேண்டும்.

4. கதிரடிக்கும் யந்திரம். வடநாட்டில், முக்கியமாகப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும், கோதுமை அடிக்கும் யந்திரங்கள் பெருகிய காலத்தில் கையிழந்தோர் பலராயினர். அதன் பயனாகவே இந்தியத் தர நிர்ணயத்தில் இவ்யந்திரத்திற்கென 9020 என்ற இலக்கமுள்ள பாதுகாப்பு விதி ஏற்பட்டது. கதிர் ஊட்டும் தொட்டி குறைந்தது 900 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதில் 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மேலே மூடியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது நின்றபடி ஊட்டுபவரின் கை நீட்டினாலும் உருளையைத் தொடமுடியாத தூரம். வாங்குமுன்போ வாடகைக்கு அமர்த்துமுன்போ ஓர் அளவுகோலால் இதை அளந்து பார்ப்பது எளிது.

5. தீவனம் வெட்டும் சக்கரம். இது வீட்டுக் கொல்லையில் இருப்பதால் குழந்தைகளே அதிகம் அகப்படுகிறார்கள். டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வடநாட்டுக் கிராமங்களில் இவ்விபத்துகளை ஆராய்ந்து, சில எளிய மாற்றங்களை அமைத்துக் காட்டினார்கள். ஊட்டும் உருளைகளுக்கு முன்னால் கையை எச்சரிக்கும் ஓர் உருளை, கத்திகளுக்கு மூடி, வேலையில்லாதபோது சக்கரம் சுழலாதபடி ஒரு பூட்டு ஆகியவையே அவை. பழைய சக்கரம் உள்ளவர்கள் குறைந்தபட்சம் ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டு வைக்கலாம்.

6. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை யந்திரம். சுழல்கத்திகளில் சுற்றிய வைக்கோலையும் கொடியையும் எடுக்க எஞ்சினை ஓடவிட்டபடியே குனிவது அபாயம். கிளட்ச்சை மிதித்துவிட்டால் போதும் என்று நினைக்கலாகாது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சுத்தம் செய்பவரே தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் கனமான சக்கரமும் அடிக்கும் உருளையும் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அவை முற்றிலும் நின்றதைக் கண்ணால் கண்ட பின்னரே மூடியைத் திறக்கலாம்.

ஏன் நிறுத்துவதில்லை

யந்திரத்தை நிறுத்தாமல் கையை விடுவது முட்டாள்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆயினும் அறியாமை மட்டுமே இதற்குக் காரணமன்று. வாடகை யந்திரத்திற்கு மணிக்கணக்கில் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மும்முனை மின்சாரம் சில மணி நேரமே கிடைக்கிறது. மேகம் திரண்டு களத்தில் நெல் கிடக்கிறது. இந்நிலையில் நிலச்சொந்தக்காரர் அவசரப்படுகிறார். ஓட்டுபவரோ மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவராயிருந்தால், யந்திரம் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நஷ்டம். நிறுத்தச் சொல்லும் வாய் ஒன்று, நிறுத்தவிடாத கூலிமுறை மற்றொன்று என்றால், கூலிமுறையே வெல்லும்.

ஆகையால் அடைப்பெடுக்கும் நேரத்திற்கும் கூலியும் வாடகையும் உண்டு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. ஒரு நாளில் பத்து முறை அடைத்தாலும், ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சுத்தம் செய்து மீண்டும் ஓட்டுவதற்கு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் அரைமணி நேரமே ஆகும். அந்த அரைமணியின் செலவையும் ஓர் ஆளின் வலக்கையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றொரு காரணம், மூடிகளைக் கழற்றி எறிந்துவிடுவது. பெல்ட்டின் கூண்டையும் தண்டின் உறையையும் எண்ணெய் இடுவதற்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட்டுப் பிறகு மாட்டுவதில்லை. மூடியைக் கழற்றாமலே எண்ணெய் விடத்தக்க நீண்ட குழாய் ஒன்றை மூடிக்கு வெளியே வரும்படி பொருத்திக்கொண்டால், இந்தத் தொல்லை தீரும். உள்ளூர்க் கொல்லரே இதைச் செய்து கொடுக்க முடியும்.

கைக்கொள்ள வேண்டிய நான்கு படிகள்

அமெரிக்காவில், பழுது பார்க்கும் யந்திரத்தின் சக்தியைத் துண்டித்துப் பூட்டிட்டு அடையாளச் சீட்டும் தொங்கவிட வேண்டும் என்ற விதி தொழிற்சாலைகளில் அமுலில் இருக்கிறது. அதன் தத்துவம் கிராமத்திற்கும் பொருந்தும். அதைப் பின்வருமாறு சுருக்கலாம்.

முதற்படி, நிறுத்துதல். யந்திரத்தை அணைத்து, அது முற்றிலும் ஓயும்வரை காத்திருத்தல்.

இரண்டாம்படி, துண்டித்தல். மெயின் ஸ்விட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, சுத்தம் செய்பவரே தம் கையில் வைத்துக்கொள்ளுதல். மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிய பலகையை ஸ்விட்சில் தொங்கவிடுதல். எஞ்சினானால் எண்ணெய் வருவதை அடைத்தல். மாட்டு ஆலையானால் மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்தல்.

மூன்றாம்படி, கட்டுதல். சக்கரமோ உருளையோ தானாகத் திரும்பாதபடி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்தல். தூக்கி நிறுத்திய கருவியின் கீழ் கட்டை வைக்காமல் கையையோ தலையையோ நீட்டாதிருத்தல்.

நான்காம்படி, சோதித்தல். எல்லோரும் விலகி நிற்க, ஸ்டார்ட்டரை ஒருமுறை போட்டுப் பார்த்து ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதை மீண்டும் அணைத்துவிட்டுப் பின்னரே கையை வைத்தல்.

வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணிப் பார்த்து, மூடிகளை மாட்டி, பியூஸ் கட்டையை எடுத்தவரே திரும்பப் போட வேண்டும். வேறொருவர் போடலாகாது. மோதிரம், வளையல், கைக்கயிறு, தோளில் துண்டு ஆகியவற்றை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். சுழலும் பாகத்தினருகில் கையுறை அணிவதும் அபாயமே; அது சிக்கிக் கையை இழுத்துவிடும். நின்றுபோன கத்திகளைத் துடைக்கும்போது மட்டும் தோல் கையுறை பயன்படும்.

சட்டமும் கிராம அதிகாரிகளின் கடமையும்

ஓமந்தூரார் மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்திலேயே, மத்திய சட்டசபையில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறி, 1949-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் அமுலுக்கு வந்தது. ஓடும் யந்திரத்தைப் பரிசோதிக்க வேண்டுமானால் பயிற்சி பெற்றவரே, இறுக்கமான உடை அணிந்து செய்ய வேண்டும் என்றும், சக்தி தரும் யந்திரம் ஓடும்போது பெண்களையும் இளவயதினரையும் கொண்டு அதைத் துடைக்கவோ எண்ணெய் இடவோ கூடாதென்றும் அச்சட்டம் விதித்தது. அச்சட்டம் பின்னர் 2020-ம் வருஷத்துத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடக்கப்பட்டது. ஆயினும் தொழிற்சாலை என்ற வரையறைக்குள் குடியானவரின் களம் வருவதில்லை. இக்குறையை ஓரளவு நீக்கவே, விவசாயத்திலும் கிராமத்திலும் பயன்படும் அபாயகரமான யந்திரங்களின் உற்பத்தியையும் விற்பனையையும் உபயோகத்தையும் ஒழுங்குபடுத்தவும், காயமுற்றோருக்கு நஷ்டஈடு அளிக்கவும் 1983-ம் வருஷத்தில் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், சக்தியால் ஓடும் கருவிகளைக் கொண்டு நடக்கும் விவசாய வேலையில் கூலிக்கு அமர்ந்தவரையும் தன் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது. திருத்தப்பெற்ற அதன் அட்டவணை, சம்பாதிக்கும் சக்தியில் ஏற்படும் நஷ்டத்தை, ஒரு கையின் கட்டைவிரலுக்கு நூற்றுக்கு 30 என்றும், ஆள்காட்டி விரல் முழுவதற்கும் 14 என்றும், ஒரு கையின் நான்கு விரல்களுக்கும் சேர்த்து 50 என்றும் மதித்தது. வேலைக்கு ஆள் வைக்கும் மிராசுதார்கள் தம் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை இதிலிருந்து உணரலாம்.

1986-ம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், டிராக்டரும் கதிரடிக்கும் யந்திரமும் அறுவடை யந்திரமும் பயன்படும் வேலைகளும் தீவனம் வெட்டுதலும் அபாயத் தொழில்களில் சேர்க்கப்பட்டன. சிறுவர்களின் கை மெல்லியது, சந்தில் நுழையும் என்று கருதி, அடைப்பெடுக்க அவர்களை ஏவும் கொடிய வழக்கம் எங்கேனும் இருப்பின், அதைக் கிராம அதிகாரிகள் உடனே தடுக்க வேண்டும். உறுப்பிழந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் உதவ, 2011-ம் வருஷத்தில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய உதவிக்குரியவர்களின் விண்ணப்பத்தைத் தாமதமின்றி அனுப்பச் செய்வது கிராம நிர்வாக அலுவலரின் நற்கடமை. அறுவடைக்கு முன் ஊரில் உள்ள யந்திரங்களின் மூடிகளும் ஸ்விட்சுகளும் சரியாக உள்ளனவா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பதும் பெரும் நன்மை பயக்கும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் யந்திரத்தை நிறுத்திச் சக்தியைத் துண்டிக்க வேண்டும். அகப்பட்ட கையை விடுவிக்க யந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றலாகாது. அதனால் கை இரண்டாம் முறையும் நசுங்கும். முடிந்தால் ஆணிகளைத் தளர்த்தி உருளைகளை அகற்ற வேண்டும். 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்து வண்டியை உடனே வரவழைக்க வேண்டும்.

சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேலே உயர்த்தி வைத்தால் இரத்தம் பெரும்பாலும் நிற்கும். அழுத்தியும் நில்லாது பீறிட்டால் மட்டுமே காயத்திற்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கயிறோ கம்பியோ கூடாது. வீங்குமுன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், சாணம், மை முதலிய எதையும் காயத்தில் அப்பலாகாது. தோலால் ஒட்டிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எறியலாகாது.

துண்டாகிப்போன விரலை மண்ணில் விட்டுவிட்டு வருவோர் இன்னும் உண்டு. 1965-ம் வருஷத்திலேயே ஜப்பானில் துண்டான கட்டைவிரலை மீண்டும் பொருத்தினார்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே துண்டான பாகத்தைத் தேடி எடுத்து, சுத்தமான நீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்ட வேண்டும். அப்பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து, காயமுற்றவருடன் அனுப்ப வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் படலாகாது. பட்டால் சதை கெடும். சதைப்பற்று மிகுந்த கைப்பாகம் சில மணி நேரத்திலேயே பயனற்றுப்போகும்; குளிர்ச்சியாக வைத்த விரல் அதைவிட அதிக நேரம் தாங்கும். எல்லாத் துண்டுகளையும் பொருத்த இயலாது என்பது உண்மையே. ஆயினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் புதுச்சேரி ஜிப்மரும் இப்பகுதிக்கு அண்மையில் இருப்பவை. காயம் சிறிதானாலும் மண்ணும் எண்ணெயும் பட்டதாகையால், இசிவு நோயைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்வது இன்றியமையாதது.

முடிவுரை

ஒடிந்த பல்சக்கரத்திற்குப் பதில் வேறொன்று கடையில் கிடைக்கும். அறுந்த பெல்ட்டை மாற்றிக்கொள்ளலாம். குடியானவரின் கைக்கு மாற்றுக் கிடையாது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் மாடு பிடிப்பதும் அக்கையே. ஆகவே ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும், ‘நின்ற பின் துண்டி, துண்டித்த பின் கட்டு, கட்டிய பின் சோதி, சோதித்த பின் தொடு’ என்ற விதியை ஸ்விட்சுப் பலகையின் அருகே எழுதி வைத்து, தாமும் அதன்படி நடந்து, தம்மிடம் வேலை செய்வோரையும் நடக்கச் செய்வாராக. நிறுத்தச் சொன்ன ஆளைக் கடிந்துகொள்ளாத எஜமானரின் களத்தில் விபத்து அருகும்.